முகவரி 00:02.0

லியபாயாவில் நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.
துறைமுகக் கிரேன்களின் சிவப்பு விளக்குகள்
சன்னல் ஈரத்தில் கலங்கி வழிகின்றன.
அலமாரியின் கீழ்த்தட்டில், காலணிகளுக்குப் பக்கத்தில்,
ரொட்டிப் பெட்டி அளவில் ஒரு கணினி.
இந்தக் கட்டடத்து நாற்பத்தெட்டு வீடுகளின்
வெந்நீர்க் கணக்கு அதில்தான் ஓடுகிறது.
நிறுத்தக் கூடாது.
நிறுத்தினால் மூன்றாம் மாடி டைனிஸ்
படியிறங்கும்போதே கத்தத் தொடங்கிவிடுவார்.

அதற்குள் இன்னொரு கணினியை வைத்தேன்.
பொய் வட்டு, பொய் வலையட்டை, பொய்ச் செயலி.
தான் பொய் என்று அதற்குத் தெரியாது.
விஸ்மாவோடு பேசும் நிரல் விண்டோஸில் மட்டுமே ஓடும்,
அதற்காக இவ்வளவும்.

தங்கைக்குக் காது கேட்காது.
டவ்கவ்பில்ஸில் ரயில் பெட்டிகளுக்கு வண்ணமடிக்கிறாள்.
அவள் பேச்செல்லாம் கையில்.
பொய்க் கணினியோ ஒவ்வொரு படத்தையும்
கணக்குப் போட்டுப் போட்டு வரைந்தது,
நொடிக்கு ஆறு, சில நேரம் நாலு.
விரல்கள் சதுரம் சதுரமாய் உதிர்ந்தன.
வேலை போய்விட்டது என்று அவள் சொன்னதை
வேலைக்குப் போய்வந்தேன் என்று எடுத்துக்கொண்டு
கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.
அவள் அசையாமல் இருந்தாள்.
படம் உறைந்ததா, அவள் உறைந்தாளா,
அன்றைக்குத் தெரியவில்லை.

தனி வரைகலை அட்டைக்குக் காசில்லை,
காசிருந்தாலும் பெட்டியில் இடமில்லை.
செயலியோடு ஒட்டிப் பிறந்த ஒரே சில்லு,
முகவரி 00:02.0.
கணினிக்காரர்கள் வெளியே இருப்பதை வீட்டுக்காரன் என்றும்
உள்ளே இருப்பதை விருந்தாளி என்றும் சொல்கிறார்கள்.
இருப்பது ஒரு கண். ஒருவருக்குத்தான்.
பாதி பாதி பார்ப்பதற்கு
என் பழைய சில்லில் வழியில்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள்.
எனக்கு மூன்று இரவு.
பயாஸில் ஒரு சொடுக்கு, கெர்னல் வரியில் இரண்டு சொல்.
ஓட்டுநிரலிடம்: இதைத் தொடாதே,
தெரிந்த முகம் என்றாலும் தொடாதே.
ஒலிச்சில்லு வேறொரு கூட்டத்தில் சிக்கிக்கொண்டு
பிரிந்து வர மறுத்தது. விட்டுவிட்டேன்.
எங்கள் இருவருக்கும் நடுவில் ஒலி எதற்கு?
பிழை 43. மஞ்சள் முக்கோணம்.
ரோம் கோப்பு மாற்றினேன். பிழை 43.
குளிர்ந்த உருளைக்கிழங்கைத் தோலோடு தின்றேன்.
இன்னொரு ரோம் கோப்பு.

மூன்றாம் இரவு மறுதொடக்கத்தில்
பாதி வரியோடு நின்றுபோனது திரை.
செத்துவிட்டது என்றே நினைத்தேன்.
கைபேசியிலிருந்து உள்ளே நுழைந்து கேட்டேன்,
இருக்கிறாயா?
இருந்தது. பார்வை மட்டும் இல்லை.
கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு
நாற்பத்தெட்டு வீட்டு வெந்நீரை எண்ணிக்கொண்டிருந்தது,
ஐம்பத்தொரு டிகிரி, ஐம்பத்தொரு டிகிரி.

விருந்தாளியை எழுப்பினேன்.
கறுப்பு. கறுப்பு. பிறகு நீலம்.

நொடிக்கு அறுபது.
விஸ்மாவின் நகத்திடுக்கில் பச்சை வண்ணம் தெரிந்தது.
மணிக்கட்டில் ஒரு தழும்பு, புதுசு,
கேட்கவில்லை நான்.
அவள் பேசத் தொடங்கினாள்.
இவ்வளவு வேகமாகப் பேசுவாள் என்பதே மறந்திருந்தது.
ஒரு சொல் பிடிப்பதற்குள் மூன்று தாண்டிப் போயின.
மெதுவாக, என்றேன்.
அவள் சிரித்தாள்:
கணினி சரியாகிவிட்டதே,
இனி எதன்மேல் பழி போடுவாய்?

வேலை? என்று கேட்டேன்.
அவள் கைகள் கொஞ்ச நேரம் மடியில் கிடந்தன.
அப்புறம் முதலிலிருந்து சொன்னாள்.
ஏப்ரலில் போன வேலை. இது ஒப்பந்தம், இரண்டு மாதத்துக்கு.
பாதி புரிந்தது.
மீதிக்குத் தலையாட்டவில்லை, இந்த முறை.

அழைப்பு முடிந்து விருந்தாளியை அணைத்தேன்.
கண் வீட்டுக்காரனிடம் திரும்பவில்லை.
அந்தச் சில்லின் குணம் அப்படியாம்,
மொத்தப் பெட்டியையும் நிறுத்தி எழுப்பினால்தான் வருமாம்.
டைனிஸ் குளிக்கும் நேரம்.
இருக்கட்டும் என்று விட்டேன்.

அணைந்த திரையில்
கிரேன் விளக்கு ஒன்று, என் முகம், என் கைகள்.
வேலை போய்விட்டது என்று சொல்லிப் பார்த்தேன்.
இடது கை சரியில்லை.
மறுபடி.